அல்லாஹ் மன்னித்துவிட்டால், அநீதி இழைக்கப்பட்டவரின் வழக்கு என்னவாகும்?

கேள்வி

அஸ்ஸலாமு அலைக்கும். குர்ஆனின் தமிழாக்கத்தைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக வாசித்து வருகிறேன். தொழுகை, நோன்பு, வணிகம், திருமணம், போர் என எதைப் பற்றிய வசனமாக இருந்தாலும், பேச்சு எப்படியாவது மறுமை நாளில் வந்து நிற்பதைக் காண்கிறேன். அந்த நாளை நான் நம்புகிறேன். ஆனாலும் இரண்டு ஐயங்கள் தீரவில்லை.

முதலாவது உடலைப் பற்றியது. கப்ரில் (மண்ணறையில்) அடக்கப்பட்ட உடல் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. தீயில் எரிந்தவர்களும், கடலில் மூழ்கி மீன்களுக்கு இரையானவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அனைவரும் எழுப்பப்படுவார்கள் என்பதைக் குர்ஆன் எந்த அடிப்படையில் நிறுவுகிறது?

என்னை அதிகம் வருத்துவது இரண்டாவது. அணுவளவு நன்மை செய்தவரும் அதைக் காண்பார், அணுவளவு தீமை செய்தவரும் அதைக் காண்பார் என்று 99ஆவது அத்தியாயம் கூறுகிறது. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம், அவன் பாவங்கள் அனைத்தையும் மன்னிப்பான் என்று 39:53 (39ஆவது அத்தியாயத்தின் 53ஆவது வசனம்) கூறுகிறது. ஒருவர் இன்னொருவரின் சொத்தை அபகரித்து, அவரை அவமானப்படுத்தி, பிறகு அல்லாஹ்விடம் அழுது மன்னிப்புப் பெற்றுவிட்டால், சொத்தை இழந்தவரின் நிலை என்ன? அவருடைய வழக்கு விசாரிக்கப்படாமலேயே முடிந்துவிடுமா? மார்க்கக் கல்வி உடையவர்கள் ஆதாரத்துடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் பதில்

வ அலைக்கும் ஸலாம். தங்களுடைய முதல் ஐயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்வியை மக்காவாசிகள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள் என்பதால், குர்ஆன் இதற்கு நேரடியாகவே விடை கூறியிருக்கிறது.

மக்கிப்போன எலும்புகளுக்கு உயிர் கொடுப்பவன் யார் என்று கேட்டவனுக்கு, முதன்முறை அவற்றை உண்டாக்கியவனே உயிர் கொடுப்பான் என்று சொல்லுமாறு யாஸீன் அத்தியாயம் கட்டளையிடுகிறது (36:78-79). அந்த வசனம் கேட்டவனின் சொந்தப் பிறப்பை அவனுக்கு நினைவூட்டுகிறது. தான் படைக்கப்பட்ட விதத்தை மறந்துவிட்டு அவன் நமக்கு உதாரணம் கூற வந்துவிட்டான் என்று கண்டிக்கிறது. இல்லாமையிலிருந்து உண்டாக்கியதை ஒப்புக்கொள்பவர், சிதறியதைத் திரும்ப உண்டாக்குவதை மட்டும் இயலாத செயல் என்று கருதுவதற்கு நியாயமில்லை. 17:49-51 இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: எலும்பாகவும் தூளாகவும் ஆகிவிட்ட பிறகா என்று வியப்பவர்களிடம், கல்லாகவோ இரும்பாகவோ ஆகிவிட்டாலும் எழுப்பப்படுவீர்கள் என்று அறிவிக்கிறது.

மண்ணில் கலந்தவற்றை எப்படிப் பிரித்து அறிவது என்ற ஐயத்திற்கான விடை ‘காஃப்’ அத்தியாயத்தில் இருக்கிறது. பூமி அவர்களிலிருந்து எதைக் குறைத்துவிடுகிறது என்பதை நாம் அறிவோம், நம்மிடம் பாதுகாக்கப்பட்ட பதிவேடு இருக்கிறது என்று 50:4 கூறுகிறது. அதாவது குர்ஆன் அல்லாஹ்வின் ஆற்றலை மட்டும் சான்றாகக் காட்டவில்லை. அவனுடைய அறிவையும் சேர்த்தே காட்டுகிறது. ஒன்றையும் மறக்காதவனுக்கு எதுவும் தொலைந்துபோவதில்லை. விரல் நுனிகளைக்கூடச் சீராக அமைக்க ஆற்றலுடையவர்கள் நாம் என்று 75:4 குறிப்பிடுவதையும் இதனோடு சேர்த்துப் படியுங்கள்.

எரிந்துபோனவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் தொகுப்பு நூல்களிலும் ஒரு ஹதீஸ் (நபியவர்களின் சொல், செயல் பற்றிய அறிவிப்பு) உண்டு. முற்காலத்தில் பாவங்கள் பல செய்த ஒரு மனிதர், தாம் இறந்ததும் உடலை எரித்து, சாம்பலில் பாதியை நிலத்திலும் பாதியைக் கடலிலும் தூவிவிடுமாறு தம் குடும்பத்தாருக்கு மரண சாசனம் செய்தார். அல்லாஹ்வின் கையில் அகப்பட்டால் தமக்கு மீட்சியில்லை என்று அஞ்சினார். அவர்கள் அவ்வாறே செய்தார்கள். அல்லாஹ் நிலத்துக்கும் கடலுக்கும் ஆணையிட, அவை தம்மிடம் இருந்ததை ஒன்றுசேர்த்தன. ஏன் இவ்வாறு செய்தாய் என்று கேட்கப்பட்டபோது, இறைவா, உன் மீதுள்ள அச்சத்தினால்தான் என்று அவர் கூறினார்; அல்லாஹ் அவரை மன்னித்தான். தங்களுடைய இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடமாகவும் இந்த ஹதீஸ் இருக்கிறது.

சிதறிய பகுதிகளே ஒன்றுசேர்க்கப்படுமா, அல்லது முற்றாக இல்லாமல் போனது மீண்டும் படைக்கப்படுமா என்று இறையியல் அறிஞர்கள் நீண்ட காலம் விவாதித்தார்கள். ஒருவரின் உடல் இன்னொரு உயிரினத்திற்கு உணவாகிவிட்டால் என்ன என்ற கேள்வியையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஆயினும், உடலும் சேர்ந்தே எழுப்பப்படும் என்பதில் பெரும்பான்மையோர் உறுதியாக நின்றார்கள். 1111இல் காலமான இமாம் கஸ்ஸாலி, தத்துவவாதிகளின் 20 கருத்துகளை எடுத்து மறுத்தபோது, அவற்றுள் மூன்றை மட்டுமே இறைமறுப்பு என்று தீர்ப்பளித்தார். உடல் எழுப்பப்படுவதை மறுப்பது அம்மூன்றில் ஒன்று. கையும் காலும் சாட்சி சொல்லும் என்று 36:65 கூறியிருக்க, உயிர்த்தெழுதலை ஆன்மாவுக்கு மட்டும் உரியதாகச் சுருக்குவது எனக்கும் ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

இரண்டாம் பதில்

முதல் பதிலை எழுதியவருக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. இரண்டாவது ஐயத்தைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில், மறுமை நாள் எதற்காக என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

மனிதர்களை மீண்டும் எழுப்ப வேண்டிய தேவை என்ன என்று குர்ஆனிடமே கேட்டுப்பாருங்கள். நம்பிக்கை கொண்டு நற்செயல்கள் செய்தவர்களைப் பூமியில் குழப்பம் செய்பவர்களைப் போன்று ஆக்கிவிடுவோமா என்று 38:28 வினவுகிறது. உங்களை வீணாகவே படைத்தோம், நம்மிடம் நீங்கள் திரும்பக் கொண்டுவரப்பட மாட்டீர்கள் என்று எண்ணிக்கொண்டீர்களா என்று 23:115 வினவுகிறது. கொடுமை செய்தவனும் கொடுமைக்கு ஆளானவனும் ஒரே மண்ணுக்குள் சென்று, அத்தோடு எல்லாம் முடிந்துவிடுமானால், படைப்புக்குப் பொருளில்லாமல் போய்விடும் என்பதே இந்த வினாக்களின் சாரம். 81ஆவது அத்தியாயம் சூரியன் சுருட்டப்படுவதையும், நட்சத்திரங்கள் உதிர்வதையும், மலைகள் பெயர்க்கப்படுவதையும் அடுக்கிக்கொண்டே வந்து, அவற்றுக்கு நடுவே உயிரோடு புதைக்கப்பட்ட பெண் குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. எந்தக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாய் என்று அவளிடம் கேட்கப்படும். இவ்வுலகில் அவளுக்காகப் பேசிய ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார், பெயர்கூட வைக்கப்பட்டிருக்காது. அவளுடைய வழக்கு வானங்கள் சிதறும் நிகழ்ச்சிகளோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது. மறுமையைப் பற்றி நான் படித்த வசனங்களில் என்னை இந்த அளவுக்கு நடுங்கச் செய்த வேறொன்று இல்லை.

இத்தகைய நாளில், அநீதி இழைக்கப்பட்டவரின் வழக்கு விசாரிக்கப்படாமல் விடப்படும் என்று எண்ணுவதற்கு இடமே இல்லை. அறிஞர்கள் பாவங்களை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று, அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடைப்பட்டது. மற்றொன்று, ஹுகூகுல் இபாத் எனப்படும் பிற அடியார்களின் உரிமைகளோடு தொடர்புடையது. முந்தையதை அல்லாஹ் தான் நாடியவாறு மன்னிக்கிறான். பிந்தையதில் உரிமைக்குரியவர் ஒருவர் இருக்கிறார். அவருக்குச் சேர வேண்டியது அவருக்குச் சேர்ந்தே ஆக வேண்டும். 1277இல் காலமான இமாம் நவவி, பாவமன்னிப்புக் கோரலுக்கு மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறார்: பாவத்தை விட்டுவிலகுதல், அதற்காக வருந்துதல், இனி ஒருபோதும் செய்வதில்லை என்று உறுதிகொள்ளுதல். பாவம் இன்னொரு மனிதரோடு தொடர்புடையதாக இருந்தால், அவருடைய உரிமையிலிருந்து விடுபடுவதை நான்காவது நிபந்தனையாக அவர் சேர்க்கிறார். தாங்கள் குறிப்பிட்ட மனிதர் அழுதிருக்கலாம். ஆனால் அபகரித்த சொத்து அவருடைய கையிலேயே இருக்குமானால், அவர் தவ்பாவை (பாவமன்னிப்புக் கோரலை) தொடங்கியிருக்கிறாரே தவிர நிறைவுசெய்யவில்லை. 39:53 மன்னிப்பின் வாசலைத் திறந்துவைப்பது உண்மையே. அடுத்த வசனத்தையும் தாங்கள் படித்திருப்பீர்கள்: வேதனை வருமுன் உங்கள் இறைவனிடம் திரும்பி அவனுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அது தொடர்கிறது. அடுத்தவர் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே திரும்புவது திரும்புதல் ஆகாது.

‘முஸ்லிம்’ தொகுப்பில் இடம்பெற்றுள்ள ஹதீஸ் ஒன்று இதற்கு ஐயமின்றி விடையளிக்கிறது. திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் கேட்டார்கள். திர்ஹமும் பொருளும் இல்லாதவரே எங்களிடையே திவாலானவர் என்று அவர்கள் கூறினார்கள். அதற்கு நபியவர்கள், என் சமுதாயத்தில் திவாலானவர் மறுமை நாளில் தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் வருவார், ஆனால் அவர் ஒருவரைத் திட்டியிருப்பார், ஒருவர் மீது அவதூறு கூறியிருப்பார், ஒருவரின் பொருளை உண்டிருப்பார், ஒருவரின் இரத்தத்தைச் சிந்தியிருப்பார், ஒருவரை அடித்திருப்பார் என்று கூறினார்கள். அவருடைய நன்மைகள் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுக்கப்படும்; கொடுக்க வேண்டியது தீருமுன் நன்மைகள் தீர்ந்துவிட்டால், அவர்களுடைய பாவங்கள் எடுக்கப்பட்டு இவர் மீது போடப்படும்; பிறகு அவர் நரகத்தில் எறியப்படுவார். கவனியுங்கள், அவர் தொழாதவர் அல்லர், நோன்பை விட்டவரும் அல்லர். வணக்கங்களில் குறை வைக்காத ஒருவரே பிறருக்குச் செய்த தீங்கினால் வெறுங்கையோடு நிற்கிறார்.

அல்லாஹ்வின் பாதையில் உயிரைத் தந்தவருக்குக்கூடக் கடனைத் தவிர மற்ற பாவங்களே மன்னிக்கப்படும் என்று முஸ்லிமில் வருகிறது. கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து கணக்குத் தீர்க்கப்படும் வரை உரிமைகள் உரியவர்களிடம் ஒப்படைக்கப்படும் என்றும் அதே நூலில் வருகிறது. நரகத்திலிருந்து தப்பித்துவிட்ட நம்பிக்கையாளர்கள்கூடச் சொர்க்கத்துக்கு முன்னுள்ள ஒரு பாலத்தில் நிறுத்தப்பட்டு, தமக்கிடையில் இருந்த அநீதிகளுக்குக் கணக்குத் தீர்த்துத் தூய்மையான பிறகே உள்ளே அனுமதிக்கப்படுவார்கள் என்று புகாரி பதிவு செய்திருக்கிறார். ஆகவே 99ஆவது அத்தியாயத்திற்கும் 39:53க்கும் இடையில் முரண்பாடு இல்லை. அல்லாஹ்வின் மன்னிப்பு அளவற்றது. ஆனால் அது பாதிக்கப்பட்டவரின் பங்கிலிருந்து எடுத்து வழங்கப்படுவதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். திவாலானவரைப் பற்றிய ஹதீஸை உரைகளில் கேட்டிருக்கிறேன். ஆனால் மன்னிப்பைப் பற்றிய வசனத்தோடு சேர்த்து அதை எண்ணிப் பார்த்ததில்லை.

இதையொட்டி இன்னொரு கேள்வி எழுகிறது. எந்தப் பரிந்துரையும் ஏற்கப்படாத நாள் என்று 2:48 கூறுகிறது. ஆனால் நபி (ஸல்) அவர்களின் ஷஃபாஅத் (பரிந்துரை) நமக்குக் கிடைக்கும் என்று சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்த இரண்டையும் எப்படி இணைத்துப் புரிந்துகொள்வது? உலகில் செல்வாக்குள்ளவர் ஒருவரின் சொல்லால் வழக்கு மூடப்படுவதைப் போல அங்கும் நடக்குமோ என்ற அச்சமே இக்கேள்விக்குக் காரணம்.

மூன்றாம் பதில்

உலகத்துப் பரிந்துரையையும் மறுமையின் பரிந்துரையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. இங்கே பரிந்துரைப்பவர் தம் செல்வாக்கினால் தீர்ப்பளிப்பவரை வளைக்கிறார். அங்கே அப்படி யாராலும் இயலாது என்பதைத்தான் 2:48 அறிவிக்கிறது. அவனுடைய அனுமதியின்றி அவனிடம் பரிந்துரைப்பவர் யார் என்று ஆயத்துல் குர்ஸியில் (2:255) ஓதுகிறோம். அவன் பொருந்திக்கொண்டவருக்கே அவர்கள் பரிந்துரைப்பார்கள் என்று 21:28 கூறுகிறது. ஆகவே பேசுபவருக்கும் அனுமதி வேண்டும். யாருக்காகப் பேசுகிறாரோ அவர் மீதும் இறைப்பொருத்தம் வேண்டும்.

புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நீண்ட ஹதீஸில், மக்கள் மஹ்ஷரின் (மறுமையில் அனைவரும் ஒன்றுதிரட்டப்படும் இடத்தின்) துன்பம் தாளாமல் ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, ஈஸா (அலை) ஆகிய நபிமார்களிடம் ஒருவர் பின் ஒருவராகச் சென்று, இறுதியில் முஹம்மது (ஸல்) அவர்களிடம் வருகிறார்கள். அவர்களோ உடனே பேசிவிடவில்லை. ஸஜ்தாவில் (நெற்றி நிலத்தில் படப் பணிந்து) விழுகிறார்கள், அல்லாஹ் நாடும் வரை அதே நிலையில் இருக்கிறார்கள். தலையை உயர்த்துவீராக, கேளும், தரப்படும், பரிந்துரை செய்யும், ஏற்கப்படும் என்று சொல்லப்பட்ட பிறகே கேட்கிறார்கள். படைப்புகளிலேயே உயர்ந்தவரின் பரிந்துரை இவ்வளவு பணிவுடன் நிகழ்கிறது.

நெருங்கிய உறவினர்களை எச்சரிக்குமாறு 26:214 அருளப்பட்டபோது நபியவர்கள் தம் மகளிடம் கூறியதையும் எண்ணிப்பாருங்கள். முஹம்மதின் மகள் ஃபாத்திமாவே, என் செல்வத்தில் நீ விரும்பியதைக் கேள், அல்லாஹ்விடம் உனக்காக நான் எதுவும் செய்ய இயலாது என்றார்கள். அன்பு மகளிடமே இவ்வாறு கூறியவருடைய ஷஃபாஅத், அடுத்தவரின் உரிமையை விழுங்கியவருக்குக் கிடைத்த சலுகைச் சீட்டாக ஒருபோதும் இருக்க முடியாது. போர்ச்செல்வத்திலிருந்து எதையேனும் மோசடியாக எடுத்தவர் மறுமையில் அதைக் கழுத்தில் சுமந்துகொண்டு வந்து, அல்லாஹ்வின் தூதரே, உதவுங்கள் என்று கேட்பார், அப்போது உமக்காக நான் எதுவும் செய்ய இயலாது, நான் உமக்கு எடுத்துரைத்துவிட்டேன் என்பேன் என்று நபியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மேலே உள்ள பதில்களை வாசிக்கும்போது மனத்தில் அச்சமே மேலோங்கக்கூடும். ஆனால் அல்லாஹ் நம்பிக்கையாளர் ஒருவரைத் தன் அருகில் அழைத்து, பிறர் காணாதவாறு மறைத்து, இன்ன பாவத்தை அறிவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒப்புக்கொள்ளச் செய்வான் என்றும், அழிந்தோம் என்று அவர் எண்ணும் நேரத்தில், உலகில் இவற்றை உனக்காக மறைத்தேன், இன்று உனக்காக இவற்றை மன்னிக்கிறேன் என்று கூறுவான் என்றும் இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஓர் அடியானின் மானத்தை அந்தப் பெருங்கூட்டத்திலும் காக்கிறவன் அவன். பிறரின் உரிமைகளைத் தீர்த்துவிட்டு, மற்ற பாவங்களுக்காக அவனிடம் எவ்வளவு நம்பிக்கையோடும் கேட்கலாம்.

மறுமை எப்போது வரும், எந்த நிகழ்ச்சி அதன் அடையாளம் என்று கணக்கிட்டுக் கூறும் காணொளிகள் இப்போது ஏராளமாகப் பரவுகின்றன. அந்த நேரத்தைப் பற்றிய அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே இருக்கிறது என்று 7:187 தெளிவாகக் கூறிய பின்னர், அவற்றில் நேரத்தைச் செலவிடுவது தகாது. மறுமை எப்போது என்று கேட்ட ஒருவரிடம், அதற்காக என்ன தயார் செய்து வைத்திருக்கிறீர் என்றுதான் நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மிகத் தெளிவாக விளங்கியது, அல்ஹம்து லில்லாஹ். இறுதியாக ஒன்று. உரிமைக்குரியவர் ஏற்கெனவே இறந்துவிட்டாலோ, அவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாவிட்டாலோ, தீங்கு செய்தவர் எவ்வாறு விடுபடுவது? புறம் பேசியவர் நேரில் சென்று சொன்னால் புதிய பகை உண்டாகும் என்ற நிலையில் என்ன செய்வது?

இரண்டாம் பதிலை எழுதியவர்

தம் சகோதரரின் மானத்திலோ வேறு எதிலோ அநீதி இழைத்தவர், தீனாரும் திர்ஹமும் பயன்தராத நாள் வருமுன் இன்றே அவரிடமிருந்து விடுதலை பெற்றுக்கொள்ளட்டும் என்று புகாரியில் வரும் ஹதீஸ்தான் இதற்கு அடிப்படை. எனவே உரிமைக்குரியவர் உயிரோடிருந்து அவரை அடைய முடியுமானால், தாமதிப்பதற்கு இடமில்லை. மன்னிப்புக் கேட்கத் தயங்கினாலும் பொருளை எந்த வழியிலாவது அவர் கைக்குச் சேர்த்துவிட வேண்டும்.

அவர் இறந்துவிட்டால் அவருடைய பொருள் வாரிசுகளுக்கு உரியது. அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதை எதற்காகத் தருகிறீர்கள் என்ற முழு விவரத்தையும் கூறியாக வேண்டும் என்பதில்லை. அவருக்குச் சேர வேண்டிய பணம் என்று சொன்னால் போதும். தேடியும் அவரையோ வாரிசுகளையோ கண்டுபிடிக்க இயலவில்லை என்றால், அவர் சார்பாக அந்தத் தொகையைத் தர்மம் செய்துவிட வேண்டும் என்று அறிஞர்கள் பலர் கூறுகிறார்கள். பின்னாளில் அவர் வந்து, தர்மத்தை ஏற்காமல் தம் பொருளையே கேட்டால், கொடுக்க வேண்டும். கையில் பணமே இல்லாதவர், கிடைக்கும்போது தருவேன் என்ற உறுதியான எண்ணத்தோடு எழுதிவைத்து, தம் குடும்பத்தாருக்கும் தெரிவித்துவிட வேண்டும். கடனாளியாக இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்கு (இறந்தவருக்கான தொழுகை) தொழவைக்காமல் நபி (ஸல்) அவர்கள் விலகி நின்றபோது, அக்கடனை அபூ கதாதா (ரலி) ஏற்றுக்கொண்ட பிறகே தொழவைத்தார்கள். எனவே இறந்தவரின் கடனை அவருடைய உறவினரோ நண்பரோ ஏற்று அடைப்பதற்கும் வழியிருக்கிறது.

புறம் பேசியதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நேரில் சொல்லி மன்னிப்புப் பெற வேண்டும் என்பது ஒரு கருத்து. சொன்னால் அவருடைய மனம் புண்பட்டுப் பகை வளரும் என்றால், அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடி, எந்தச் சபையில் அவரை இழிவாகப் பேசினாரோ அதே சபையில் அவருடைய நற்பண்புகளை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது மற்றொரு கருத்து. அறிஞர் இப்னு தைமிய்யா உள்ளிட்டோர் இரண்டாவதை ஏற்றிருக்கிறார்கள். என் மனமும் அதிலேயே அமைதி கொள்கிறது. அவதூறு கூறியிருந்தால் மட்டும் இது போதாது: கேட்டவர்களிடமே திரும்பச் சென்று, தாம் கூறியது பொய் என்று தெரிவித்தாக வேண்டும். தங்களுக்குத் தெரிந்த யாருக்கேனும் குறிப்பிட்ட ஒரு சொத்து பற்றிய சிக்கல் இருக்குமானால், விவரங்களை இங்கே பொதுவில் எழுதாமல், ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) அறிந்த ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் ஆவணங்களோடு சென்று கேட்கச் சொல்லுங்கள். வாரிசுரிமைப் பங்குகள் கலந்திருந்தால் கணக்கு மாறக்கூடும்.